டிக்கட் புத்தகத்தின் கடைசி நிரல்

வெள்ளவத்தையில் இப்போது வீதியோரம் வாகனம் நிறுத்தினால் கைத்தொலைபேசியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. போன வருடம் மகள் விடுமுறையில் வந்தபோது மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் முன்னால் காரை நிறுத்திவிட்டு, திரையில் இரண்டு தடவை தட்டினாள். "பாருங்கோ அப்பா, எவ்வளவு லேசு" என்றாள். எட்டிப் பார்த்தேன். வாகன இலக்கம், வீதி, வந்த நேரம், போகும் நேரம். நான்கு கட்டங்கள். இந்த நகரத்தில் அந்த நான்கையும் முதலில் தெரிவு செய்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டவன் நான்.

யுத்தத்தின் பிந்திய ஆண்டுகள் அவை. கணிதம் படித்து, ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு தனியார் கம்பனியொன்றில் சேர்ந்திருந்தேன். கொழும்பின் சில வீதிகளில் வாகனத் தரிப்பைக் கவனிக்கும் ஒப்பந்தம் அந்தக் கம்பனிக்குக் கிடைத்திருந்தது. காபன் தாள் வைத்த டிக்கட் புத்தகங்களை விட்டுவிட்டுக் கைமெஷின்களுக்கு மாறுவது திட்டம். மெஷினில் எதைப் பதிய வேண்டும், பதிந்ததை அலுவலகக் கணினி என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதுவதற்கு முன் வீதியில் நின்று பார்க்க வேண்டும் என்று நானே கேட்டேன். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையைத் தெரிவு செய்தேன்.

அங்கே டிக்கட் எழுதியவருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். மனைவி அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இவர் கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடையின் பின்னறையில் வேறு மூன்று பேருடன் தங்கியிருந்தார். காலை ஏழரைக்கெல்லாம் வந்து, மதிலில் அறைந்திருந்த ஆணியில் சோற்றுப் பொதியைத் தொங்கவிட்டு, காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொள்வார்.

முதல் நாள் என்னைக் கண்டதும், "சார், என்னையக் கண்காணிக்கவா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"இல்லை, வேலை எப்பிடி நடக்குதெண்டு பாக்க."

"அதுதாங்க கண்காணிக்கிறது. தோட்டத்துல கங்காணி கையில கம்பு வச்சிருப்பாரு. நீங்க பேனை வச்சிருக்கீங்க. குந்துங்க சார். ஸ்டூல்ல ஒரு காலு ஆடும், பாத்து."

இரண்டு கிழமை அந்த ஆடும் ஸ்டூலில் இருந்து பார்த்தேன். ஒழுங்கையில் சீலைக் கடை ஒன்று, பல் வைத்தியர் ஒருவர், டியூஷன் வகுப்பு ஒன்று, சிறுநீரக நோயாளருக்கு மெஷினில் இரத்தம் சுத்தம் செய்யும் தனியார் கிளினிக் ஒன்று. வருகிறவர்கள் எல்லாரும் அவரோடு சண்டை பிடிப்பார்கள். ஒருவரும் கோபித்துக்கொண்டு போனதில்லை.

"நான் அஞ்சு நிமிசம்தானே நிண்டனான்! அதுக்குமா டிக்கட்?" என்று ஓர் அம்மா கார்க் கண்ணாடியை இறக்கிச் சத்தம் போட்டார்.

"அம்மா, உங்க அஞ்சு நிமிசம் எங்க ஊரு அஞ்சு நிமிசத்தை விடப் பெருசுங்க. போன தடவை அந்த அஞ்சு நிமிசத்துல நான் சோறு தின்னு கையும் கழுவிட்டேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே டிக்கட்டை வாங்கினார்.

டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்த பின் புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையில் ஐந்து நிரல்கள் இருந்தன. முதல் நான்கும் இலக்கம், வீதி, இரண்டு நேரங்கள். ஐந்தாவது, 'குறிப்பு' என்று அச்சடித்த கடைசி நிரல். மற்ற வீதிகளில் அது வெறுமையாகவே இருக்கும். இவர் அதைக் குறுகிய எழுத்தில் நிரப்பியிருந்தார். 'பல் டாக்டரு.' 'சீலைக் கடை, ரெண்டு பொம்பளைங்க, நேரமாகும்.' 'சாவு வீடு.' 'மேஜர் வீட்டம்மா, தையல்.' சில இலக்கங்களுக்கு நேரே 'தெரிஞ்சவங்க' என்று மட்டும் இருந்தது.

"தெரிஞ்சவங்க எண்டால்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு நான் பொறுப்புங்க. யாரு வந்து கேட்டாலும், இவங்களால ஒரு வில்லங்கமும் வராதுன்னு சொல்லுவேன்."

வாகனங்களில் குண்டு வைத்து வெடித்த காலம். உரியவர் யாரென்று தெரியாமல் ஒரு வாகனம் நெடுநேரம் நின்றால் வீதியை மூடுவார்கள். கண்ணாடியை உடைப்பார்கள். உரியவர் தமிழராக இருந்துவிட்டால் விசயம் கண்ணாடியோடு முடியாது. நான் ஸ்டூலில் இருந்த ஒரு நாள் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து, ஒரு பழைய வெள்ளை வானைத் தட்டி, "மேக்க காகேத?" என்றார்கள். இது யாருடையது என்று கேட்கிறார்கள். இவர் புத்தகத்தைப் பிரித்துச் சிங்களத்தில் பதில் சொன்னார். வத்தளையில் இருந்து வரும் வயதான ஐயா ஒருவருடையது. மனைவியை உள்ளே மெஷினில் போட்டிருக்கிறார்கள். கிழமையில் இரண்டு நாள் வருவார். நாலு மணிக்குப் போவார்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டாரென்றும் எழுதியிருக்கிறாயா?" என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார்.

"எழுதல்லை மாத்தயா. ஆனா தெரியும். பாண்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போனார்கள். அந்த ஒழுங்கையில் எந்த வாகனத்தின் கண்ணாடியும் ஏன் உடையவில்லை என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது. விளங்காமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவருடைய அடிக்கட்டைகளில் இருபது பக்கங்களைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். எங்கள் மனேஜர் என்னைவிட இளையவர், சிங்களவர், கெட்டிக்காரர். மேசையின் மறுபக்கத்தில் போக்குவரத்துப் பொறுப்பான பொலிஸ் அதிகாரி ஒருவர் இருந்தார். அந்த அறையில் தமிழன் நான் ஒருவன்தான். மனேஜர் முதற் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைசியில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பொலிஸ் அதிகாரி என்னைப் பார்த்தார். சாதாரணமாகத்தான் பார்த்தார். ஒரு தமிழ் ஆள், யார் எங்கே போகிறார்கள் என்று தமிழில் எழுதி வைக்கிறார், அது உங்களுக்கு உதவியாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பொழுதுபோக்குக்குக் கிறுக்கியிருக்கிறான். தேவையில்லாதது" என்றேன்.

மனேஜர் அந்தப் பக்கத்தின் மேலே 'கடைசி நிரல் வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதிச் சுருக்கக் கையொப்பம் வைத்து என்னிடம் திருப்பித் தந்தார். அந்தக் கையொப்பத்தை மறந்துவிடாதீர்கள். பிறகு அது வரும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த அதிகாரி மறுபடியும் என்னைப் பார்ப்பாரோ என்ற பயத்தில், ஒருவரும் கேட்காமலே நான் வேறு இரண்டு யோசனைகள் சொன்னேன். நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் வாகனங்களின் பட்டியலைக் கணினி தானாகவே எடுக்கும், அதை நாள்தோறும் பொலிசுக்கு அனுப்பலாம் என்பது ஒன்று. டிக்கட் எழுதுகிறவர்களைக் கிழமைக்கொரு வீதியாக மாற்றினால் வாகனக்காரர்களோடு பழக்கம் பிடித்துச் சலுகை செய்ய மாட்டார்கள் என்பது மற்றது. அதிகாரி தலையாட்டினார். மனேஜர் என் தோளில் தட்டினார். கீழே இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்தேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கைமெஷின்கள் வந்தன. அவருக்குப் பழக்கிக் கொடுக்க நானே போனேன். மெஷினை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்க சார் எழுதுறது?"

"எழுதத் தேவையில்லை. இலக்கத்தை மட்டும் அமத்தினால் சரி."

"அப்ப யாருன்னு?"

"யாரெண்டு மெஷினுக்கு வேண்டாம்."

"மெஷினுக்கு வேணாம் சார். கேக்க வாறவங்களுக்கு வேணுமே."

நான் மணிக்கூட்டைப் பார்த்து, நேரம் போகிறது என்றேன். என்னுடைய விசிட்டிங் கார்ட் ஒன்றைக் கொடுத்து, சிக்கல் வந்தால் கூப்பிடும்படி சொன்னேன். கம்பனி விலாசத்தின் கீழ் என் வீட்டு விலாசமும் பேனையால் எழுதியிருந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். கணினியின் ஒழுங்குப்படி அவர் அந்தக் கிழமை கொட்டாஞ்சேனைப் பக்கம் நின்றார். வெள்ளவத்தை ஒழுங்கையில் புதியவர் ஒருவர். வத்தளை ஐயாவின் வான் மூன்றாவது கிழமையாக எங்கள் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. பொலிசார் வந்து கேட்டபோது புதியவர் தனக்குத் தெரியாது என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வானின் பதிவைத் தேடினார்கள். வவுனியாவில் ஒருவர் பெயரில் இருந்தது. விற்றவர் பெயரிலேயே வாகனத்தைப் பல வருடம் ஓடுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். வவுனியா என்ற சொல்தான் அன்றைக்குப் போதுமாக இருந்தது. ஒழுங்கையை மூடி வானின் கண்ணாடியை உடைத்தார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த அந்த வயதான மனிதரை, மனைவி உள்ளே மெஷினில் கிடக்க, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மனேஜர் என் மேசைக்கு வந்து, "உங்களுடைய பட்டியல் இன்றைக்கு ஒருவனைப் பிடித்துவிட்டது" என்றார். எனக்கு அந்த வெள்ளை வான் உடனே நினைவுக்கு வந்தது. இலக்கத்தைப் பார்த்தேன். அதேதான். தொலைபேசி பக்கத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

எடுத்தது முன்பு அந்த ஒழுங்கையில் டிக்கட் எழுதியவர்தான். தொலைபேசியை அல்ல, பழைய அடிக்கட்டைகளை. செய்தி கேள்விப்பட்டு, அடுத்த நாள் காலை வேலைக்குப் போகாமல், இரும்புக் கடைப் பின்னறையில் தான் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அந்த ஐயா எத்தனை மாதமாக எந்தெந்த நாளில் வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். கிளினிக்கின் அட்டையும் ஒத்துப்போனது. வத்தளை ஐயாவை அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள்.

இவரை விடவில்லை. புத்தகத்தில் அந்த ஐயா மட்டுமா இருந்தார்? மேஜர் வீட்டம்மா எந்தெந்த நாளில் தையல்காரியிடம் வருகிறார் என்று இருந்தது. யார் யார் எவ்வளவு நேரம் எங்கே நிற்கிறார்கள் என்று இருந்தது. தமிழில் இருந்தது. யாருக்காக இதை எழுதினாய் என்று கேட்டிருக்கிறார்கள். வேலைக்காகத்தான் எழுதினேன், எங்கள் கம்பனி சாரும் பார்த்தார், கொப்பி எடுத்துக்கொண்டும் போனார் என்று சொல்லியிருக்கிறார். கம்பனியைக் கேட்டார்கள். மனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நாங்கள் அப்படி எதையும் எழுதச் சொல்லவில்லை. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுதானே?"

"தெரியாது" என்றேன்.

அந்த இருபது பக்கங்களும் என் வீட்டு அலுமாரியில் இருந்தன. முதற் பக்கத்தில் மனேஜரின் கையொப்பம். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் இது ஒளித்து எழுதிய ஒன்றல்ல, கம்பனி மேசையில் வைத்துப் பார்த்த ஒன்று என்று தெரிந்திருக்கும். உடனே விட்டிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்னது உண்மை என்று ஆகியிருக்கும். அதைவிட வேறு ஒன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை.

நாலைந்து நாள் நான் வேலைக்குப் போகவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இஞ்சை பாருங்கோ, பிள்ளையின்ரை விசா வாற நேரம். நீங்கள் போனால் உங்களையும் இருத்திப்போடுவாங்கள்" என்றாள். அவள் சொன்னதால் போகவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவள் அப்படிச் சொல்லுவாள் என்று தெரிந்துதான் அவளிடம் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பத்து மணியிருக்கும். கொண்டுபோவோமா என்று அந்தப் பக்கங்களை வெளியே எடுத்து மேசையில் வைத்திருந்தேன். அதையும் பொய்யென்று நினைக்காதீர்கள். உண்மையாகவே வைத்திருந்தேன். மணி அடித்தது. மனைவி கதவைப் பாதி திறந்தாள். ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"சார் வீடு இதுதானுங்களா? அவரு சட்டைப் பையில இந்தக் கார்டு இருந்திச்சுங்க. ஹட்டன்ல இருந்து வாறேன்."

"அவர் இல்லையே அம்மா."

"கம்பனியில இருந்து ஒருத்தர் வந்து சொன்னா போதும்னு சொல்லுறாங்கம்மா. சாருக்கு எல்லாம் தெரியும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிவிட்டாரு. சார் எப்ப வருவாங்க?"

"இந்தியாவுக்குப் போட்டார். வர மாதம் செல்லும்."

நான் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு வாளிக்குள் அவற்றை அமிழ்த்தினேன். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் இது பழகிய காரியம். சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டால் ஊர்க் கடிதம், பழைய படம், எது சந்தேகம் தருமோ அதை நனைத்துக் கசக்கி ஊற்றிவிடுவோம். பேனையால் எழுதிய கடிதமென்றால் மை கரைந்துவிடும். போட்டோகொப்பி கரையவில்லை. தாள் கூழாகியும் எழுத்து அப்படியே நின்றது. 'சாவு வீடு' என்று ஒரு துண்டு மிதந்தது. ஒவ்வொன்றாக எடுத்து விரலால் கிழிக்க வேண்டியிருந்தது. வெளியே அந்தப் பெண் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள். "தண்ணி ஓடுற சத்தம் கேக்குதும்மா, பைப்பைப் பூட்டாம வந்துட்டீங்க போல" என்று அவள் என் மனைவிக்கு நினைவூட்டியதும் காதில் விழுந்தது.

மனைவி அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கவா என்று கேட்டாள். வேண்டாம், பஸ் போய்விடும் என்றாள்.

அவரைப் பல மாதங்கள் வைத்திருந்தார்கள். பிறகு குற்றம் ஒன்றும் இல்லையென்று விட்டார்கள். கம்பனி திரும்ப எடுக்கவில்லை. நான் அடுத்த வருடம்வரை அங்கே வேலை செய்தேன். பட்டியலும் நாள்தோறும் போய்க்கொண்டிருந்தது.

யுத்தம் முடிய முன்னர் ஒரு நாள் கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டுக் கல்யாணம். மனைவிக்குச் சுகமில்லாததால் நான் தனியாகக் காரில் போனேன். மண்டபத்தின் பின்வளவில் வாகனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் கையைக் காட்டி, "இன்னும் வரலாம், இன்னும் வரலாம், நிப்பாட்டுங்க" என்றார். இறங்கிய பிறகுதான் பார்த்தேன். மெலிந்திருந்தார். முன்பல் ஒன்று இல்லை. கழுத்துப் பொத்தான் பூட்டியிருந்தது.

"சார்! என்னைய ஞாபகம் இருக்குங்களா?"

"ஓம்" என்றேன்.

"எங்க வீட்டுப் பொம்பளை உங்களத் தேடி வந்திச்சு சார். நீங்க இந்தியாவுக்குப் போயிருந்தீங்களாம். நம்ம நேரம். நீங்க மட்டும் இருந்திருந்தா வந்து ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பீங்க. நான் உள்ள அவங்ககிட்ட அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

இதுதான் நான் எழுத வந்த இடம். மற்றதெல்லாம் பயத்தில் செய்தவை. அந்த வளவில் எனக்குப் பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. அவர் ஏசியிருக்கக்கூட மாட்டார். நான் "ஓம், இருந்திருந்தால் வந்திருப்பன்" என்றேன்.

"இந்தியாவுல எங்க சார் போனீங்க?"

"திருச்சி" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் முகம் மலர்ந்தது. "எங்க தாத்தா அங்கிட்டு இருந்துதான் வந்தாரு சார். மலைக்கோட்டை ஏறினீங்களா?"

"ஏறினன்."

"ரொம்பப் படிங்களோ?"

"எண்ணேல்லை. கால் நொந்துபோச்சு."

"பின்ன, நொந்து போகாதா?" என்று சிரித்தார். எனக்காகச் சந்தோஷப்பட்டார். நான் அதுவரை திருச்சிக்குப் போனதில்லை. இன்றைக்கும் போகவில்லை.

அவர் கையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று இருந்தது. பேனையால் கோடு கிழித்திருந்தார். எண்ணிப் பார்த்தேன். ஐந்து நிரல்கள். என் காரின் இலக்கத்தை எழுதினார். நேரத்தை எழுதினார். கடைசி நிரலில் என்ன எழுதுகிறார் என்று பார்க்க நான் நிற்கவில்லை. உள்ளே போனேன். தாலி கட்டி முடிந்திருந்தது.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது வளவில் இரண்டு ஆமிக்காரர்கள் வாகனங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் காரின் பின்கதவைத் தட்டி, யாருடையது என்று கேட்டார். நான் அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிடுவதற்குள் அவர் கொப்பியோடு ஓடி வந்துவிட்டார். என் இலக்கத்துக்கு நேரே விரலை வைத்துக் காட்டினார். 'தெரிஞ்சவங்க.'

"எனக்குத் தெரிந்த ஐயா. நான் பொறுப்பு" என்று சிங்களத்தில் சொன்னார்.

அவர்கள் போகும்படி கையைக் காட்டினார்கள். அவர் பின்னால் நின்று, வலது பக்கம், இன்னும் வலது பக்கம் என்று சொல்லி, காரை வெளியே எடுத்துத் தந்தார். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டி வந்த நேரமெல்லாம் நான் பஸ்ஸில்தான் போனேன்.